தாஹோ பயணம்: 4 வீல் டிரைவ் வண்டிக்குச் செயின் தேவையா? அவசரம்

மழைத்துளி86:
வணக்கம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் குடும்பத்தோடு கலிபோர்னியா மலைப்பக்கம் தாஹோ ஏரிக்குக் கிளம்புகிறோம். பனிப்புயல் வருகிறது என்கிறார்கள். வண்டி 4 வீல் டிரைவ்தான். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டுவதற்குக் கடையில் இரும்புச் செயின், மெல்லிய கம்பியில் செய்த கேபிள், துணி சாக்ஸ் என்று மூன்று விதம் இருக்கிறது. எதை வாங்குவது? எதுவுமே வேண்டாம் என்கிறார் ஆபீஸ் நண்பர். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்குக்காரன்:
என்ன வண்டி, எந்த வருடம்? டயர் அளவு என்ன? நெடுஞ்சாலை 80 வழியா, 50 வழியா? வாடகை வண்டி என்றால் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள், செயின் மாட்டக் கூடாது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அதிரசம்:
தேவையில்லை நண்பரே. பத்து வருடமாகப் போய் வருகிறேன். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் போதும், நல்ல பிடிப்பு வரும்.

பனிமலை_மூத்தவன்:
காற்றை இறக்குவது மணலில் ஓட்டுபவர்களுக்கு. குளிர் 10 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ தானாகக் குறைந்துவிடும். மலை ஏறும் முன் காற்றைச் சரிபார்த்து நிரப்ப வேண்டும், இறக்கக் கூடாது.

இதையெல்லாம் நூறு தடவை எழுதிவிட்டேன், பழைய இழைகளை யாரும் தேடிப் படிப்பதில்லை. மறுபடி சொல்கிறேன். கலிபோர்னியாவில் பனிச்சாலைக் கட்டுப்பாடு ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று படிப்படியாகக் கடுமையாகும். ஆர்-2 அறிவித்தால் எல்லா வண்டிக்கும் செயின் கட்டாயம். 6,500 பவுண்டுக்கு உட்பட்ட 4 வீல் டிரைவுக்கு, நான்கு சக்கரத்திலும் பனிக்கேற்ற டயர் இருந்தால் விலக்கு உண்டு. அப்போதும் செயின் வண்டிக்குள் இருந்தாக வேண்டும். ஆர்-3 என்றால் யாருக்கும் விலக்கு இல்லை, ஆனால் அதற்கு முன்பே பெரும்பாலும் சாலையை மூடிவிடுவார்கள். நான்கு சக்கரமும் இழுப்பதால் மேட்டில் சுலபமாக ஏறிவிடுவீர்கள். இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான் இருக்கிறது.

மழைத்துளி86:
மன்னிக்கவும். சுபாரு ஃபாரெஸ்டர், 2021, சொந்த வண்டி. டயர் வண்டியோடு வந்ததுதான். 50 வழி.

கொங்குக்காரன்:
டயரின் பக்கவாட்டில் 225/60ஆர்17 அல்லது 225/55ஆர்18 என்று இருக்கும். பக்கத்தில் எம்+எஸ் (சேறு, பனிக்கு ஏற்ற டயர் என்ற குறி) என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். 2021 டயர் என்றால் தேயாமல் மேல்பக்கப் பள்ளம் எவ்வளவு மீதி இருக்கிறது? அதுதான் முக்கியம்.

சுபாருவில் செயின் முன்சக்கரத்தில்தான். டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் குறைவு, தடித்த இரும்புச் செயின் சுற்றும்போது உள்ளே இடித்துவிடும். அட்டைப்பெட்டியில் 'எஸ் வகுப்பு' என்று போட்டதை எடுங்கள். டயரின் மேல்பக்கம் 37 மில்லிமீட்டர், பக்கவாட்டில் 15 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் அடங்கும் வகை அது. கேபிள் போதும்.

வெள்ளை_டகோமா:
முன்னால் மட்டும் மாட்டினால் இறக்க வளைவில் பின்பக்கம் வழுக்கி வண்டி சுழலும். நான் எப்போதும் பின்னால்தான் மாட்டுகிறேன்.

பனிமலை_மூத்தவன்:
உங்களுடையது பின்சக்கரம் இழுக்கும் பிக்கப், அதற்கு அது சரி. அவருடைய வண்டிக்கு அவருடைய கையேடு.

வெள்ளை_டகோமா:
கையேடு எழுதியவர் 50-ல் இருக்கும் எக்கோ சம்மிட் கணவாய் இறக்கத்தில் ஓட்டியிருக்கிறாரா? நான் சுழன்றதைக் கண்ணால் பார்த்தவன்.

கொங்குக்காரன்:
சுழலும் என்ற பயம் நியாயம்தான். அதனால்தான் செயின் மாட்டினால் மணிக்கு 25, 30 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள்.

செல்லம்_சான்ஹோசே:
முன்னா பின்னா என்று அண்ணன்கள் பேசி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். மழைத்துளி, எதை வாங்கினாலும் வியாழன் இரவே வீட்டு வாசலில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். போன வருடம் நாங்கள் பெட்டியைப் பிரித்ததே சாலை ஓரத்தில்தான். கம்பளிக் கையுறை நனைந்து விரல் மரத்துவிட்டது. டயருக்குப் பின்னால் இருக்கும் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் மாட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கே அரை மணி நேரம் ஆனது. ரப்பர் கையுறை, தலையில் கட்டும் விளக்கு, முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய பாய் எடுத்துப் போங்கள். மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், இல்லையென்றால் தளர்ந்து அடிக்கும். சாலையோரம் எண் பட்டை கட்டிய ஆட்கள் கூலிக்கு மாட்டிவிடுவார்கள், ஆனால் செயின் விற்க மாட்டார்கள்.

அதிரசம்:
அப்படியானால் சாக்ஸே நல்லது. ஐந்து நிமிட வேலை.

செல்லம்_சான்ஹோசே:
மாட்டச் சுலபம்தான். பனி இல்லாத தார்ச்சாலை நடுவில் வந்தால் சீக்கிரம் கிழிந்துவிடும். 50-ல் இரண்டும் மாறி மாறி வரும்.

கொங்குக்காரன்:
மழைத்துளி, டயர் பள்ளம் பார்த்தீர்களா?

மழைத்துளி86:
திரும்பி வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. கேபிள் வாங்கி வியாழன் இரவே மாட்டிப் பார்த்தேன். முதல் சக்கரத்துக்கு 25 நிமிடம், இரண்டாவதுக்கு 8. ட்வின் பிரிட்ஜஸ் பக்கம் ஆர்-2. சோதனைக்கு நின்றவர்கள் டயரைப் பார்த்தார்கள், செயின் எங்கே என்று கேட்டார்கள், கேபிளைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். திரும்பும்போது ஓர் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் வண்டி நேராக வழுக்கியது. ஓரம் கட்டி மாட்டிக்கொண்டேன். முன்னால்தான்.

கொங்குக்காரன்:
நல்லபடியாக வந்தது சந்தோஷம். பள்ளம் எவ்வளவு இருந்தது?