‘கட்டற்ற மடல்’ சரியா? நாச் சீரமைப்புச் சொற்கள் குறித்து

வணக்கம்.

புற்றுநோய்க்காக நாவின் ஒரு பகுதியை அறுவையில் எடுப்பதற்கு ‘நாவறுப்பு’ என்ற சொல்லும், அதன்பின் நாவைச் சீரமைப்பதற்கு வேறு சில சொற்களும் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டன. பொருள் பிழையில்லை, ஆனால் நாவை அறுப்பது என்றால் நம் காதுக்குத் தண்டனையாகவே கேட்கிறது. ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நோயாளி படிக்கப்போகும் சொல் அது என்பதால், ‘பகுதி நா நீக்கம்’ என்பதே போதும்.

எனக்குப் பெரிதும் உறுத்துவது, ஆங்கிலத்தில் free flap எனப்படுவதற்கான ‘கட்டற்ற மடல்’ என்ற சொல். முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ தோலையும் அடித்திசுவையும், அவற்றுக்குரிய தமனி, சிரையோடு சேர்த்தே எடுத்து, வாய்க்குள் பொருத்தித் தைத்து, அந்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தலைமயிரினும் மெல்லிய நூலால் இணைக்கிறார்கள். பழைய கட்டு அறுவது உண்மைதான். ஆனால் புதிய இடத்தில் மீண்டும் கட்டப்படாவிட்டால் அந்தத் திசு பிழைக்காது. இந்தச் சிகிச்சையின் உயிரான பகுதியையே ‘கட்டற்ற’ என்ற அடைமொழி மறைத்துவிடுகிறது.

இதற்கான சொல் தோட்ட வேலையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தனக்கென இணைத்த இரத்தக்குழாய் இல்லாமல், வைத்த இடத்திலிருந்தே ஊட்டம் பெறும் தோலை ஏற்கெனவே ‘ஒட்டு’ என்கிறோம். பழைய இடத்தோடு தொடர்பு அறாமல் திருப்பி வைக்கப்படும் மடலுக்குப் ‘பதியன்’ என்று முதலில் எழுதிவைத்தேன். ஆனால் பதியனைப் பின்னர் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிப்போம், மார்பிலிருந்து திருப்பி வைக்கும் மார்புத்தசை மடலிலோ, குழாய்கள் செல்லும் காம்பு பெரும்பாலும் அப்படியே விடப்படுகிறது. ஆகவே அதற்குக் ‘காம்பு மடல்’ என்பதே பொருந்தும். ‘கட்டற்ற மடல்’ என்பதற்குப் பதிலாக, நாற்றை வேரோடு பெயர்த்து நடுவதை மனத்தில் கொண்டு, ‘பெயர்த்த மடல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

நா போன இடத்தில் மடல் வைப்பதை ‘நா மறுவாக்கம்’ என்பதையும் தவிர்க்கலாம். வைத்த மடல் நாவைப்போல் தானாக அசையாது. அது இடத்தை நிரப்புகிறது, பேச்சைத் தருவது எஞ்சிய நாவே. அந்த எஞ்சிய பகுதியின் அசைவைத் தடுக்கக்கூடாது என்பதால்தான் பாதி நா போனவருக்கு மெல்லிய, எளிதில் வளையும் முன்கைத் தோலை விரும்புகிறார்கள். முழு நாவும் போனவருக்கோ அண்ணத்தை எட்டும் அளவுக்குப் பருமன் தேவைப்படுகிறது. மறுவாக்கம் என்ற சொல் தரும் வாக்குறுதியைச் சிகிச்சை தருவதில்லை. ‘நாச் சீரமைப்பு’ அளவாகச் சொல்கிறது.

பேச்சின் விளைவைக் குறிக்க ‘பேச்சுத் தெளிவு’ என்ற ஒரே சொல் போதாது. இதழால் பிறக்கும் ‘அம்மா’, ‘அப்பா’ ஆகியவை கெடாமல் வரும். நுனிநா வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டிய டகரம் மழுங்கும். அவர் தனியாகப் ‘பட்டு’ என்றால் கேட்பவர் ‘பத்து’ என்று எழுதிவிடலாம். அதையே ‘பட்டுப்புடவை’ என்றால் பிழையின்றிப் புரிந்துகொள்வார். ஒலி இரண்டு முறையும் ஒரே அளவு மழுங்கியதுதான், புரிதல்தான் மாறியது. எனவே ஒலி எவ்வளவு திருத்தமாகப் பிறக்கிறது என்பதை ‘ஒலிப்புத் திருத்தம்’ என்றும், கேட்பவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை ‘பேச்சு விளங்குமை’ என்றும் பிரிக்க வேண்டும். தனிச்சொல்லில் அளந்ததா தொடரில் அளந்ததா என்பதைச் ‘சொல் விளங்குமை’, ‘தொடர் விளங்குமை’ எனக் காட்டலாம்.

‘விளங்குதிறன்’ என்பது இதைவிடப் பழகியதாகத் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் திறன் என்றவுடன் முழுப்பொறுப்பும் பேசுபவர்மேல் விழுகிறது. விளங்குவதில் பாதி கேட்பவரிடம் இருப்பதால் நான் ‘விளங்குமை’யின் பக்கமே நிற்கிறேன்.