ரௌட்டர் பட்டியலில் வராத நிலையான ஐபி சாதனம்: எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் ஒரு பழைய கண்காணிப்புக் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்தவர் அதற்கு நிலையான ஐபி (கையால் அமைத்த, மாறாத நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிட்டார், ஆனால் எங்கும் குறித்து வைக்கவில்லை. ரௌட்டரின் டிஹெச்சிபி பட்டியலில் (ரௌட்டர் தானாக முகவரி கொடுத்த சாதனங்களின் பட்டியல்) அது இல்லை. ஸ்விட்சில் அதன் போர்ட் விளக்கு மட்டும் மினுங்குகிறது. எங்கள் நெட்வொர்க் 192.168.1.0/24, அதாவது முகவரிகள் எல்லாம் 192.168.1 என்று தொடங்கும். ஒவ்வொரு முகவரியையும் வரிசையாகப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று செய்தி அனுப்பி) பார்த்தும் சிக்கவில்லை. ரீசெட் செய்தால் பழைய அமைப்புகள் எல்லாம் போய்விடும். வேறு வழி உண்டா?

மறுமொழி 1:
ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள். அந்தப் பட்டியலில் ரௌட்டரிடம் முகவரி கேட்டு வாங்கியவை மட்டும்தான் இருக்கும்.

பிங்கையும் நம்ப முடியாது, நிறைய சாதனங்கள் அதற்கு வாயே திறக்காது. ஆனால் ஐபிவி4-இல் ஒரே நெட்வொர்க்கில் பேச வேண்டுமென்றால் ஏஆர்பி கேள்விக்கு, அதாவது 'இந்த ஐபி யாரிடம் இருக்கிறது?' என்பதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கேள்வியை எல்லா முகவரிக்கும் அனுப்பிப் பார்க்கும் கருவிகள் உண்டு: லினக்ஸ் என்றால் ஆர்ப்-ஸ்கேன், விண்டோஸ் என்றால் என்மேப்பை அட்மின் உரிமையுடன் ஓட்டுங்கள். லேப்டாப்பைக் கேபிளில் அதே ஸ்விட்சில் செருகுங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்து தேடினால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கிடைக்கும் மேக் முகவரியின் (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) முதல் மூன்று ஜோடி எழுத்துகளை வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடிக்கலாம்.

கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன். பட்டியலில் இல்லாத பிரிண்டர் ஒன்று 192.168.1.50-இல் மாட்டியது. கேமராவைக் காணோம்.

மறுமொழி 2:
அப்படியென்றால் கேமரா வேறு சப்நெட்டில் (வேறு முகவரி வரிசையில்) இருக்கலாம். இனி தேடுவதை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். லேப்டாப்பில் நெட்வொர்க்கில் வரும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, ஏஆர்பி மட்டும் தெரியும்படி வடிகட்டி, கேமராவின் மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். பெரும்பாலான சாதனங்கள் எழுந்ததும் தன் முகவரியை அறிவிக்கும், இல்லையென்றால் கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்கு வழியான ரௌட்டரை) தேடும். இவை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் பிராட்காஸ்ட் என்பதால் அதே விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) இருக்கும் எல்லாப் போர்ட்டுக்கும் வரும். கேமராவைக் கழற்றி நேராக லேப்டாப்பில் செருக வேண்டாம். பிஓஇ கேமராவாக (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம் எடுப்பது) இருந்தால் மின்சாரமே போகாது.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! கேமரா எழுந்த கொஞ்ச நேரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "10.0.0.1 யாரிடம் இருக்கிறது? 10.0.0.88-க்குச் சொல்லவும்." லேப்டாப்புக்கும் அதே வரிசையில் 10.0.0.5, மாஸ்க் 255.255.255.0 கொடுத்து பிரவுசரில் 10.0.0.88-ஐத் திறந்தேன், லாகின் பக்கம் வந்துவிட்டது. பாஸ்வேர்டு பழைய கோப்பில் இருந்தது. ரொம்ப நன்றி.

மறுமொழி 1:
அருமை. அந்தப் பிரிண்டரையும் கவனியுங்கள். 192.168.1.50 உங்கள் டிஹெச்சிபி வரம்புக்குள் விழுந்தால், ரௌட்டர் அதே முகவரியை வேறொரு கணினிக்குக் கொடுத்துவிடலாம். இரண்டும் மோதிக்கொண்டு விட்டுவிட்டு வேலை செய்யும். கேமரா, பிரிண்டர் இரண்டையும் டிஹெச்சிபிக்கு மாற்றி, மேக் முகவரியை வைத்து ரௌட்டரிலேயே ரிசர்வ் செய்துவிடுங்கள். அப்புறம் யார் வந்து பார்த்தாலும் பட்டியலில் தெரியும்.