கோணேசபுரி வளாகம்: தனி அறையா, சேர்ந்து இருப்பதா?

வன்னிப் பெடியன்
கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கு எடுபட்டிருக்கிறேன். விடுதி கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கம், உப்புவெளியில் தனி அறை ஒன்று இருக்கிறது. வளாகம் இருக்கிற கோணேசபுரிப் பக்கம் மூன்று பேர் இருக்கிற வீட்டில் பாதிக் காசுக்கு இடம் இருக்கிறது. சத்தம் என்றால் எனக்குப் படிப்பு ஓடாது. எதை எடுப்பது?

பழைய போர்டிங்காரன்
தம்பி, வாடகையைப் பிறகு பேசுங்கள். மே மாதம் அந்த அறையில் உங்களை வைத்திருப்பார்களா என்று முதலில் கேளுங்கள். நான் முதல் வருசம் உப்புவெளியில்தான் தனியாக இருந்தேன். மாரியில் அறை சும்மா கிடக்கும், அதனால் மலிவாகத் தந்தார்கள். ஏப்ரலில் வருசப்பிறப்புக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் என் பெட்டியும் பாயும் விறாந்தையில். அறைக்குள் ஒரு வெள்ளைக்காரச் சோடி. வீட்டுக்கார அம்மா பிளேன்டீ தந்துதான் விசயத்தைச் சொன்னா. கோபிக்கவும் முடியவில்லை. செப்டம்பர் வரை சீசன். புறாமலைத் தீவு பார்க்க வருகிறவர்கள் இரண்டு மூன்று இரவுக்குக் கொடுப்பது என் ஒரு மாத வாடகை.

பிறகு கோணேசபுரிப் பக்கம் மூன்று பேரோடு ஒரு வீடு. அங்கே சத்தத்தை விடச் சட்டிதான் பிரச்சினை. கடைசியாகச் சாப்பிட்டவன் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டோம். அன்றிலிருந்து எல்லாரும் ஒரு பிடி சோற்றை மிச்சம் விட்டு எழும்பினார்கள். ரைஸ் குக்கர் சட்டி இரண்டு நாள் கிணற்றடியில், காகத்தோடு. ஆனால் மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, அந்தச் சட்டியைக் கழுவி கஞ்சி வைத்துத் தந்ததும் அவர்கள்தான். படிப்புக்கு நூலகம் போனேன். பரீட்சைக் காலத்தில் மட்டும் சிரமம்.

மூதூர்க்காரி
எங்கே எடுத்தாலும் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கடற்கரையோரம் சில இடத்தில் உவர். நான் பார்க்காமல் அட்வான்ஸ் கட்டிவிட்டு, வருசம் முழுக்கக் குடிக்கத் தண்ணீர் வாங்கினேன்.

வன்னிப் பெடியன்
நன்றி அண்ணா, அக்கா. வீட்டுக்காரருக்கு கோல் எடுத்து மே மாதத்தைப் பற்றிக் கேட்டேன். "அதை அப்ப பார்ப்பம் தம்பி" என்றார்.

பழைய போர்டிங்காரன்
அப்ப விறாந்தைதான்.