சிங்களம் தெரியாத அப்பாவை ‘மனமே’ பார்க்கக் கூட்டிப்போகலாமா?

வாவிக்கரையான்:
அடுத்த சனிக்கிழமை அப்பாவைக் கொழும்புக்குக் கூட்டி வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில், விடியக் கோட்டையில் இறங்குவோம். அப்பாவுக்கு 71 வயது. இளமையில் வடமோடிக் கூத்து ஆடியவர். பிறகு அண்ணாவியாராக நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கியவர். அன்று மாலை லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ என்ற சிங்களப் பாட்டு நாடகம் போடுகிறார்கள் என்று வேலை இடத்து நண்பர் சொன்னார். எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் அப்பாவுக்குச் சிங்களம் நாலு சொல்லுக்கு மேல் வராது. கூட்டிப்போய் வெறுமனே உட்கார வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பகலில் எங்கே போகலாம் என்றும் சொல்லுங்கள். முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார்.

தெமட்டகொடைத் தம்பி:
அண்ணா, காலையில் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். முழுக்கக் கருங்கல். பொன்னம்பலம் இராமநாதன் எடுத்துக் கட்டியது. மண்டபத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் ரயில் அலுப்பே போய்விடும். நாடகம் பற்றி எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, கட்டாயம் கூட்டிப்போங்கள். இதே பயம் எனக்கும் இருந்தது. என் அம்மா மன்னார்க்காரி. கோயில் முற்றத்தில் விடிய விடிய நாட்டுக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர். சிங்களம் சந்தையில் விலை கேட்கிற அளவுக்குத்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவரை வென்ட் அரங்குக்குக் கூட்டிப்போனேன். விளக்கு அணைந்து மத்தளம் விழுந்ததுமே அம்மா நிமிர்ந்துவிட்டார். பொத்தேகுரு வந்து கதை சொல்லத் தொடங்க, என் கையைப் பிடித்து, “இவர் எங்கட கட்டியகாரன் எல்லோ!” என்றார். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

அம்மாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ‘மனமே’யை எழுதிய சரச்சந்திர 1956 நவம்பர் 3 அன்று இதே அரங்கில் இதை முதன்முதல் மேடையேற்றியபோது, கிராமங்களில் அருகிக்கொண்டிருந்த ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து மரபைத்தான் கையில் எடுத்தார். பெயரைப் பாருங்கள், நம் சொல்தான். நம் கூத்துத்தான் கத்தோலிக்கரோடு கரையோரமாகச் சிங்கள ஊர்களுக்குப் போய் அப்படி ஆனது. மெட்டுகளைக் கொடுத்தவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே, பழைய நாடகம ஆசான். “அவரும் ஓர் அண்ணாவியார்தான்” என்று அப்பாவிடம் சொல்லுங்கள், போதும்.

அந்த நாடகத்தைப் பார்த்த உந்துதலில்தான் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நம் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் திறந்த அரங்க மேடைக்குக் கொண்டுவந்தார். ‘இராவணேசன்’ அப்படி வந்தது. அதில் இராவணனாக ஆடிய மௌனகுரு உங்கள் மட்டக்களப்பார். அப்பாவுக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கதையை மட்டும் முன்னமே சொல்லி வையுங்கள். குருவின் மகளை மணந்த இளவரசன் காட்டு வழியே ஊர் திரும்புகிறான். வேடர் அரசன் மறிக்கிறான். சண்டையில் இளவரசன் அவனை மடக்கிப் பிடித்துக்கொண்டு வாளைக் கேட்க, அவள் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில்தான் நாடகமே நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அப்பா அவளுடைய கால்களையும் முகத்தையும் பார்த்தே புரிந்துகொள்வார்.

பால்கனி வேண்டாம், முழங்காலுக்குப் படி ஆகாது. கீழே, நடைபாதை ஓரத்து இருக்கை எடுங்கள். உள்ளே குளிரும், ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

புறக்கோட்டைப் பையன்:
பின்னேரம் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். வென்ட் அரங்கு அங்கிருந்து கிட்டத்தான், ஓட்டோவில் ஐந்து நிமிடம் வராது. சோழர் காலத்து நடராசரைப் பார்க்கலாம். ஆனால் அதைவிட, காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்லைக் காட்டுங்கள். சீனத் தளபதி செங் ஹெ கொண்டுவந்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் இருக்கும். தமிழில் தேனவரை நாயனாருக்கு, அதாவது தெவுந்தரைக் கோயில் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளை எழுதியிருக்கிறார்கள்.

வாவிக்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். கோயிலில் ஒரு மணிநேரம் இருந்தோம், மத்தியானம் பம்பலப்பிட்டியில் தோசை. கல்லுக்கு முன்னால் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக் கூட்டினார். ‘நாயனார்’ என்று ஒரு சொல் பிடிபட்டதும் காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா, மாலை நீங்கள் சொன்னபடியேதான். முதல் பாட்டிலேயே அவர் விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டன. வேடர் அரசன் வந்தபோது என் காதுக்குள், “வரவு நல்லா இருக்கு மகன், ஆனா எங்கட ஆக்கள் இன்னும் ஒரு சுற்று ஆடுவாங்க” என்றார். வாளுக்காகக் கை நீட்டிய இடத்தில் அப்பா பேச்சு மூச்சில்லை.

திரும்பும் ரயிலில் நான் தூங்கிவிட்டேன். பொலன்னறுவை தாண்டி விழித்தபோது அவர் முன் இருக்கைக்காரருக்கு அந்தச் சண்டையைக் கையால் ஆடிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சிங்களவர். இருவருக்கும் சிரிப்பு.

அக்கா, சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’வும் இதே மாதிரிப் பாட்டு நாடகமாமே? எப்போது போடுவார்கள் என்று அப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார். தேதி தெரிந்தால் இங்கே போடுங்கள்.