இரவானால் 4ஜி ரவுட்டர் இழுபடுகிறது, என்ன செய்யலாம்?

ஆரையம்பதி அக்கா:
வணக்கம். வீட்டில் 4ஜி ரவுட்டர். காலையில் வேகம் 20 எம்பிபிஎஸ் வரை வருகிறது, இரவு ஏழு தாண்டினால் 1தான். மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது, இரசாயனவியல் வகுப்பு இரவு எட்டு மணிக்கு சூமில். சேர் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும், திரும்ப வரும்போது பலகையை அழித்திருப்பார், பிள்ளை அழாத குறை. கொம்பனிக்கு எடுத்தால் பெரிய பேக்கேஜுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

கல்லடித் தம்பி:
அவசரப்பட வேண்டாம் அக்கா. காலை என்றால் எத்தனை மணி? சில பேக்கேஜுகளில் நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரை தனிக் கணக்கு, அதனால் பகல் டேட்டா முடிந்தவர்களுக்கும் விடியற்காலையில் வேகமாக ஓடும். அப்புறம், இரவு எட்டு மணிக்கு எல்லா ஃபோனிலும் வைஃபையை நிறுத்திவிட்டு லேப்டாப்பை லேன் கேபிளில் நேரே ரவுட்டரில் செருகிப் பாருங்கள். கேபிளில் நன்றாக வந்தால் கோளாறு வைஃபையில். கேபிளிலும் அதே 1 என்றால் வைஃபையில் கைவைத்துப் பயனில்லை.

ஆரையம்பதி அக்கா:
காலை பத்து மணிக்கும் நன்றாகத்தான் வருகிறது, டேட்டாவும் பாதிக்கு மேல் கிடக்கிறது. கேபிளில் 1.2. ரவுட்டர் ஹோலில், இரும்பு அலுமாரியோடு ஒட்டி இருக்கிறது.

அக்கரைப்பற்று காக்கா:
தங்கச்சி, முதலில் அந்த அலுமாரிப் பக்கத்திலிருந்து எடுங்கள், இரும்பு சிக்னலை மறைக்கும். ரவுட்டரின் அடியில் ஒரு முகவரி ஒட்டியிருக்கும், 192.168.1.1 மாதிரி. அதை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் தெரியும். முதலாவது சிக்னலின் பலம்: -90 நல்லது, -110க்குக் கீழே போனால் கஷ்டம். இரண்டாவதுதான் நான் முதலில் பார்ப்பது. இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்று அது சொல்லும். 20 என்றால் அருமை, 0 பக்கம் வந்தால் சிக்னல் பார் நிறைய இருந்தாலும் வேகம் வராது. நம் கரையோரம் தட்டை நிலம், இரண்டு மூன்று டவரின் சிக்னல் ஒரே இடத்தில் வந்து ஒன்றையொன்று குழப்பும். நீள வயர் போட்டு ரவுட்டரை ஜன்னல் ஜன்னலாக வைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழேயும் வேண்டாம், வெயில் படும் இடமும் வேண்டாம்.

ஆரையம்பதி அக்கா:
ஹோலில் -111, எஸ்ஐஎன்ஆர் 1. மாடி அறை ஜன்னலில் -95, 12! இரவு எட்டரைக்கு 5 எம்பிபிஎஸ் வந்தது, வகுப்பு அறுபடாமல் ஓடியது. இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஆனால் காலையில் 32 வருகிறதே, இரவில் ஏன் 5?

கல்லடித் தம்பி:
மிச்சம் டவர் நெரிசல் அக்கா. ஒரு டவரின் கொள்ளளவை ஊர் முழுவதும் பங்குபோடுகிறது, வேலை முடிந்து எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரம் அது, நம்மால் திருத்த ஏலாது. பேக்கேஜை மாற்றினாலும் அதே டவர்தான். திகதி, நேரம், வேகம், அந்த இரண்டு எண்கள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து முறைப்பாடு போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எண்கள் நன்றாக இருந்தும் இரவில் விழுகிறது என்று காட்டினால், வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. வகுப்பு நேரத்தில் ஃபோன்களில் ஃபோட்டோ பேக்கப்பை நிறுத்துங்கள், ஏற்றும் பக்கம் அடைபட்டால் இறங்குவதும் தடுமாறும். உங்கள் ஒழுங்கையில் ஃபைபர் போகிறதா?

ஆரையம்பதி அக்கா:
பிரதான வீதி வரைக்கும்தான் வந்திருக்கிறது தம்பி. முறைப்பாட்டை இன்றைக்கே போடுகிறேன், ஃபைபரையும் சேர்த்துக் கேட்கிறேன்.