இசை இதழ்களின் விற்பனை ஏன் இவ்வளவு விரைவாகச் சரிந்தது?

கேள்வி

பிரிட்டனில் 1952-இல் தொடங்கிய ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ (சுருக்கமாக ‘என்.எம்.இ.’) என்னும் இசை வார இதழ், அறுபதுகளின் நடுவில் வாரந்தோறும் ஏறத்தாழ 3 லட்சம் பிரதிகள் விற்றது. 2015-இல் அதை இலவச இதழாக மாற்றியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் சுமார் 15,000 பேர்தான் எஞ்சியிருந்தனர். 2018 மார்ச்சில் அச்சிடுவதும் நின்றுபோனது. ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ 2006-இலும் ‘கியூ’ 2020-இலும் நிறுத்தப்பட்டன. இணையத்தில் எல்லாமே இலவசமாகக் கிடைப்பதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் இசையைப் பற்றி எழுதுவதும் படிப்பதும் முன்பைவிடக் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அப்படியிருக்க, இசை இதழ்கள் மட்டும் இவ்வளவு கடுமையாக அடிபட்டது ஏன்? ‘மோஜோ’, ‘அன்கட்’ போன்றவை எப்படி இன்னும் வந்துகொண்டிருக்கின்றன?

மறுமொழி 1

இசை இதழை வாங்கியவர்கள் கட்டுரைகளுக்காக மட்டுமே வாங்கினார்கள் என்று வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. ஒரே விலையில் நாலைந்து தேவைகளை அந்த இதழ் நிறைவேற்றியது: எந்தக் குழு எந்த ஊரில் எந்த நாளில் வாசிக்கிறது என்ற பட்டியல், விற்பனைத் தரவரிசை, புதிய இசைத்தட்டுகளின் அறிவிப்பு, வரி விளம்பரங்கள், இவற்றோடு விமர்சனமும் பேட்டியும். பிரிட்டனின் முதல் தனிப்பாடல் தரவரிசையே 1952 நவம்பரில் ‘என்.எம்.இ.’யில்தான் வெளியானது. வரி விளம்பரங்களையும் அற்பமாக எண்ணிவிட முடியாது. ‘ஜெனிசிஸ்’ குழுவுக்கு 1970-இல் பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசிக்க வந்து சேர்ந்தது ‘மெலடி மேக்கர்’ இதழில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான். இந்தத் தேவைகள் ஒவ்வொன்றையும் இணையம் தனித்தனியாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது எழுத்து மட்டுமே. அந்த எழுத்துக்காக மட்டும் முழு விலையையும் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் எப்போதுமே சிறுபான்மையினர்தான்.

விமர்சனத்தின் நிலையும் மாறிவிட்டது. ஒரு ஆல்பத்தைக் கேட்பதற்கு அதை முதலில் விலைக்கு வாங்கியாக வேண்டும் என்றிருந்த காலத்தில், விமர்சகரின் சொல்லை நம்பிப் பணத்தைச் செலவிடுவதா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்தார். யூடியூப் 2005-இலும் ஸ்பாட்டிஃபை 2008-இலும் வந்த பிறகு, விமர்சனத்தைப் படித்து முடிக்கும் நேரத்திற்குள் பாடலையே கேட்டுவிடலாம் என்றாகிவிட்டது. அதன்பின் விமர்சனம் என்பது பாடலைக் கேட்டவர் மேலும் சிந்திக்கப் படிப்பதாயிற்று. அவசரமாகக் கடைக்குப் போய் வாங்கவேண்டிய பொருளாக அது இல்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பழி முழுவதையும் இணையத்தின் தலையில் கட்டுவது சரியாகாது. ‘சவுண்ட்ஸ்’ வார இதழ் மூடப்பட்டது 1991-இல். அப்போது இணையத்தைப் பயன்படுத்திய வாசகர்கள் ஏறக்குறைய இல்லை. நாளிதழ்கள் பாப் இசைக்குத் தாமே பக்கங்கள் ஒதுக்கத் தொடங்கியதும், 1986-இல் வந்த ‘கியூ’ போன்ற பளபளப்பான மாத இதழ்கள் குறுவட்டு வாங்கும் வசதி படைத்த வாசகர்களை இழுத்துக்கொண்டதும் வார இதழ்களை முன்பே நலிவடையச் செய்திருந்தன. 1926 முதல் வந்துகொண்டிருந்த ‘மெலடி மேக்கர்’, 2000-இல் ‘என்.எம்.இ.’யுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்று, இந்தப் பேச்சில் பலரும் வாசகரையே பார்க்கிறார்கள், விளம்பரதாரரைப் பார்ப்பதில்லை. பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள வழிசெய்த ‘நாப்ஸ்டர்’ 1999-இல் வந்த பிறகு இசைத்தட்டு நிறுவனங்களின் வருமானமே சுருங்கத் தொடங்கியது; இதழ்களின் பக்கங்களை நிரப்பியவை அந்த நிறுவனங்களின் விளம்பரங்கள். ‘என்.எம்.இ.’ இலவசமான பின் ஏறத்தாழ 3 லட்சம் பிரதிகள் விநியோகிக்கப்பட்டன, அதாவது பழைய உச்சத்திற்கே அது திரும்பியது. அப்படியும் இரண்டரை ஆண்டுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை என்றால், வாசகர் இல்லாமை ஒன்றே நோயாக இருந்திருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்

விளம்பரக் கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, நன்றி. அப்படியானால் அச்சுச் செலவே இல்லாத இணைய இதழ்கள் செழித்திருக்க வேண்டும் அல்லவா? பேட்டிகளைப் பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 3

செழிக்கவில்லை. ‘பிட்ச்ஃபோர்க்’ தொண்ணூறுகளின் நடுவில் இணையத்திலேயே பிறந்தது. பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு அது இட்ட மதிப்பெண் (எனக்கு என்றுமே வேடிக்கையாகப்பட்ட வழக்கம்) ஒரு புதிய குழுவைத் தூக்கிவிடவும் கவிழ்க்கவும் வல்லதாக இருந்தது. 2015-இல் அதை வாங்கிய காண்டே நாஸ்ட் நிறுவனம், 2024 ஜனவரியில் அதை ‘ஜி.க்யூ.’ என்னும் ஆண்கள் இதழின் கீழ்க் கொண்டுவந்து, பலரையும் வேலையிலிருந்து நீக்கியது. ஆகவே தாளுக்கும் திரைக்கும் இடையிலான போட்டியாக இதைப் பார்ப்பதில் பயனில்லை.

பேட்டியைப் பொறுத்தவரை, புகழ்பெற்ற பாடகருக்கு இதழின் அட்டை தேவைப்பட்ட நிலை மாறிவிட்டது. பியான்சே 2013 டிசம்பரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தை நேரடியாக இணையத்தில் வெளியிட்டார். பல வாரங்களுக்கு முன்பே பக்கங்களை முடித்துவிடும் மாத இதழால் அத்தகைய வெளியீட்டைப் பின்தொடரத்தான் முடியும்.

‘மோஜோ’வும் ‘அன்கட்’டும் இந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளவே இல்லை. அவற்றின் வாசகர்கள் வயதில் மூத்தவர்கள். பழைய குழுக்களின் வரலாற்றை நீண்ட கட்டுரைகளாகப் படிக்கிறார்கள், இதழோடு வரும் குறுவட்டைச் சேர்த்து வைக்கிறார்கள். சோதனை இசைக்கான ‘தி வயர்’ இதழை 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் ஊழியர்களே வாங்கிக்கொண்டதால், பெருலாபம் கேட்கும் முதலாளி அதற்கு இல்லை. ‘என்.எம்.இ.’கூட 2023-இல் அச்சுக்குத் திரும்பியது, ஆனால் இரு மாதங்களுக்கு ஒருமுறை, குறைந்த பிரதிகளோடு; வார இதழாக அதை மீண்டும் நடத்த எவரும் துணிவார்கள் என்று நான் நினைக்கவில்லை.