அளவூன்றல்: 'பார்ஷியல் வெயிட் பேரிங்' என்பதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எலும்பு முறிவுக்குப் பின் கோல் பிடித்து நடப்பவர்களுக்கான கையேட்டில் 'பார்ஷியல் வெயிட் பேரிங்' (அடிபட்ட காலில் உடல் எடையின் ஒரு பகுதியை மட்டும் இறக்கி நடப்பது) என்பதற்குப் 'பகுதி எடை தாங்கல்' என்று எழுதலாம் என்ற பரிந்துரை ஏறத்தாழ முடிவாகிவிட்டது. தருமபுரியில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், அதை ஏற்கும் முன் சில காரணங்களைக் குழு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

'தாங்கல்' என்ற சொல்லிலேயே இடர் இருக்கிறது. 'காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார்' என்றால் நம் வழக்கில் அவர் நொண்டுகிறார் என்பதே பொருள். 'எடை தாங்காத கால்' என்று எழுதினால், பாரம் ஏற்றக் கூடாது என்ற மருத்துவரின் தடை மறைந்து, காலுக்கு வலுவில்லை என்ற செய்தி மட்டுமே படிப்பவருக்குப் போய்ச் சேரும். 'பகுதி' என்ற சொல்லோ இன்னும் பெரிய குழப்பத்தைத் தருகிறது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், தொடை எலும்பில் பிளேட் வைத்து வீடு திரும்பியவர், தம் சீட்டில் இருந்த 'பகுதி' என்பதைப் பகுதி நேரம் என்று எடுத்துக்கொண்டு, காலையில் முழுப் பாரத்தையும் போட்டு நடந்துவிட்டு மாலையில் காலை நீட்டிப் படுத்திருந்தார். சொன்னபடிதான் செய்கிறோம் என்ற உறுதியோடு அவர் அதை விளக்கியபோது, அந்தச் சீட்டை வேறு எப்படிப் படித்திருக்க முடியும் என்றே எனக்குத் தோன்றியது.

நோயாளிகள் எவரும் 'எடை தாங்கலாமா' என்று கேட்பதில்லை. 'காலை எப்போ ஊனலாம்?' என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே 'ஊன்றல்' என்பதையே அடிச்சொல்லாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுபவர்கள் ஏராளம். நம் ஊன்றுகோல் கன்னடத்தில் 'ஊருகோலு', தெலுங்கில் 'ஊதகர்ர'. மூன்றின் முற்பகுதியும் ஒரே வேரில் பிறந்தது என்பதால், தமிழை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கும் இச்சொல் அயலாக இராது.

கோலையும் ஊன்றுகிறோம், காலையும் ஊன்றுகிறோம், எனவே மயக்கம் வரும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தது சரியான எச்சரிக்கை. ஆனால் 'கோலை ஊன்றுங்கள், காலை ஊன்றாதீர்கள்' என்று சொன்னால் எவரும் தடுமாறுவதில்லை. கையேட்டில் முதன்முறை வருமிடத்தில் 'கால் ஊன்றல்' என்று முழுமையாக எழுதிவிட்டால் போதும்.

அடுத்தது அளவு பற்றியது. குழுவில் முன்மொழியப்பட்ட மற்றொரு சொல்லான 'அரையூன்றல்' ஓசையில் நன்றாக இருந்தாலும் சரிபாதியைக் குறித்துவிடுகிறது. மருத்துவர் அனுமதிப்பது பல நேரங்களில் அதைவிடக் குறைவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 20 கிலோ வரைதான் காலில் இறங்கலாம் என்றால், அது அரையாகாது. ஆகவே 'அளவூன்றல்' என்பதை முன்வைக்கிறேன். கதவு + அழகு கதவழகு ஆவது போல, அளவு + ஊன்றல் அளவூன்றல் ஆகும். சொல்லைக் கேட்டதுமே 'எவ்வளவு?' என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விதான் நோயாளியைக் காக்கிறது. விடையைக் கற்றுத் தருவதும் எளிது: எடை பார்க்கும் எந்திரத்தின் மேல் அடிபட்ட காலை வைத்து, முள் 20-ஐத் தொடும் வரை மெல்ல அழுத்திப் பழகச் சொல்கிறோம், சில முறை செய்ததும் முள்ளைப் பாராமலே கால் அந்த அழுத்தத்தை அறிந்துகொள்கிறது.

மற்ற நிலைகள் இதையொட்டித் தாமே அமைந்துவிடும்: ஊன்றாமை, பாதம் சமநிலைக்காக மட்டும் தரையைத் தொடும் தொட்டூன்றல், அளவூன்றல், வலி பொறுக்குமளவு ஊன்றல், முழு ஊன்றல்.

வாக்கியத்தில் இட்டுப் பார்க்கும்போதும் இச்சொற்கள் நிற்கின்றன. எங்கள் பக்கத்து வீடுகளில் வாசலுக்கு முன் கைப்பிடி இல்லாத உயரமான கல்படிகள் இருக்கும். மருத்துவமனையின் சமதளத்தில் பழகியவர் தடுமாறுவது அங்கேதான். 'ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும் முதலில்' என்ற விதியை, 'ஊன்றுங்கால் முதலில் ஏறும். கோலும் ஊன்றாக்காலும் முதலில் இறங்கும்' என்று சுருக்கமாக எழுத முடிகிறது. அளவூன்றல் உள்ளவருக்கு மட்டும் 'ஊன்றாக்கால்' என்பதை 'அளவூன்றுங்கால்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

'தாங்கல்' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அக்குள் கட்டை பிடிப்பவர்களில் பலர், கட்டை தம்மை அக்குளில் தாங்கும் என்று நம்பி அதன்மேல் தொங்கிவிடுகிறார்கள். அப்படித் தொங்கினால் கைக்குச் செல்லும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் போகலாம். கட்டையின் தலைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முழங்கை சற்றே மடங்கியிருக்க, காலிலிருந்து எடுத்த பாரம் உள்ளங்கை வழியாகக் கட்டைக்கு இறங்க வேண்டும். கையேட்டின் இப்பகுதியில் 'தாங்கு' என்ற வினை எங்குமே வராமல் 'உள்ளங்கையை ஊன்றுங்கள்' என்றே எழுதலாம் என்று கருதுகிறேன்.

மறுப்பு இருப்பின் எழுதுங்கள். இல்லையெனில் வீடு திரும்பும்போது தரும் அட்டையின் வரைவில் 'அளவூன்றல்: ...... கிலோ' என்று, எண்ணை மருத்துவரே நிரப்பும்படி இடம் விட்டு அச்சிடலாம். ஓசூர்ப் பக்கத்து உறுப்பினர்கள் அந்த வரைவை, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத இரண்டொருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் புரிந்துகொண்டதை அவர்களுடைய சொற்களிலேயே இங்கு எழுதினால் நன்றியுடையவனாவேன்.